அப்பா, அந்த விளம்பர இடைவேளை

அன்புள்ள அப்பா,

இன்று ஜூன் 12. மேட்டூரில் ஷட்டரைத் தூக்கியதைச் செய்தியில் காட்டினார்கள். இந்த வருடம் குறுவை உண்டு. உங்கள் முகம் நினைவுக்கு வந்தது. அப்புறம் அந்த வருடமும் வந்துவிட்டது. 2012இல் செப்டம்பர் 17 வரை அணையைத் திறக்கவில்லை. கூடத்தில் விதைநெல் மூட்டை அப்படியே கிடந்தது. அதில் சாய்ந்துகொண்டுதான் நீங்கள் டிவி பார்ப்பீர்கள்.

அந்த வருடம் ஒரு ராத்திரி 'காதலிக்க நேரமில்லை' போட்டார்கள். 1964இல் வந்த படம்; உங்களுக்கு ஒவ்வொரு வரியும் பாடம். பாலையாவுக்கு நாகேஷ் பேய்க்கதை சொல்லும் இடம் வருவதற்கு முன்பே தொடையைத் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தீர்கள். நான்கு மாதமாக நீங்கள் சிரித்து நான் பார்க்கவில்லை.

காதல் கலந்த சிரிப்புப் படம் என்றால் உங்களுக்கு அவ்வளவு ஆசை. முதல் ரீலில் பையனும் பெண்ணும் முட்டிக்கொண்டால், "முடிஞ்சுது, இதுங்க ரெண்டும்தான்" என்பீர்கள். நடுவில் ஒரு பொய், அது உடைந்து ஒரு பிரிவு, கடைசியில் ரயிலடிக்கோ கல்யாண மண்டபத்துக்கோ ஒரு ஓட்டம். எல்லாம் தெரிந்தும் ஏன் பார்க்கிறீர்கள் என்று சின்ன வயதில் கேட்டேன். "வள்ளி திருமணத்துல வள்ளி யாரைக் கட்டிப்பான்னு ஊருக்கே தெரியும். யானை எப்ப வரும்னு பார்க்கத்தானே விடிய விடிய உட்கார்ந்திருக்கோம்" என்றீர்கள். எனக்கு இன்றுவரை அதைவிட நல்ல பதில் கிடைக்கவில்லை. சேருவார்களா என்ற பயம் இல்லாததால்தான் எப்படிச் சேருகிறார்கள் என்பதை நிம்மதியாக ரசிக்க முடிகிறது. கடைமடையில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! தண்ணீர் வருமா, வந்தால் நம் வாய்க்கால் வரை எட்டுமா, அறுப்புக்கு முன் மழை கொட்டுமா, எதுவும் கையில் இல்லை. இரண்டரை மணி நேரமாவது முடிவு நிச்சயமாக இருக்கட்டும் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். நானும் அதற்காகத்தான் பார்க்கிறேன்.

சரி, அந்த விளம்பர இடைவேளை.

படத்தில் பணக்கார அப்பாவை ஏமாற்றிப் பெண்ணைக் கட்டுகிறவனுக்காகச் சிரிக்கிறாரே, நம்மையும் புரிந்துகொள்வார் என்று நம்பினேன். சொன்னேன். பெயரைச் சொன்னேன், எந்தத் தெரு என்று சொன்னேன். (இங்கே அதை எழுதப் போவதில்லை. இதைச் சித்தப்பா வீட்டிலும் படிப்பார்கள், அவர் வீட்டிலும் படிப்பார்கள்.) நீங்கள் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தீர்கள். "கொல்லைக் கதவைச் சாத்திட்டியா?" என்று கேட்டீர்கள். போய்ச் சாத்திவிட்டு வந்தேன். டிவி அணைந்திருந்தது. பாலையா சம்மதிக்கும் இடம் அன்றைக்கு வரவேயில்லை.

மன்னித்துவிடுங்கள். கையில் காசில்லாத வருடம் அது. வயலைப் பார்க்கவே மனசு வராமல் இருந்தீர்கள். கொஞ்சம் சிரித்த ஒரு ராத்திரியைப் பார்த்து நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் நல்ல வருடமாக இருந்து, தை மாதம் நெல் விற்ற பணம் கையில் இருந்து, அப்போது சொல்லியிருந்தால் மட்டும்? அதற்கும் கொல்லைக் கதவைத்தான் கேட்டிருப்பீர்கள். திரையில் ஒருவன் பொய் அப்பாவைக் கூட்டிவந்து நிறுத்தினால் கைதட்டத் தெரிகிறது. உங்கள் பெண் எதிரே நின்று ஒரு பொய்கூட இல்லாமல் சொன்னால் திட்டக்கூட வாய் வரவில்லை. திட்டியிருக்கலாம் அப்பா. நான் அதற்குத் தயாராகத்தான் இருந்தேன்.

பாமணியாற்றில் தண்ணீர் வந்த அன்று எல்லோரும் பார்க்கப் போனபோது கிளம்பியது தப்பு. வருடம் முழுக்க நீங்கள் காத்திருந்த நாள் அது. வேறு எந்த நாளிலும் வீடு காலியாக இருக்காதே என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அம்மா மூடிபோட்ட டம்ளரில் காப்பி வைத்துவிட்டுப் போயிருந்தாள். குடிக்காமல் வந்துவிட்டேன்.

போன மாதம் என் பெண்ணுக்கு அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். ஒன்பது வயது. அந்தப் பேய்க்கதையில் அவளும் தொடையைத் தட்டிச் சிரித்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உங்களை அவர் ஒரு நாளும் குறைத்துப் பேசியதில்லை. இதை எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நீங்கள் கூப்பிட வேண்டும் என்று பதின்மூன்று வருடம் உட்கார்ந்திருந்தேன். இனி உட்காரவில்லை. ஆடி பதினெட்டுக்கு நாங்கள் மூன்று பேரும் வருகிறோம். விடிகாலையில் மன்னார்குடியில் இறங்கி, முதல் டவுன் பஸ்ஸைப் பிடிப்போம். ஆற்றில் புதுத்தண்ணீர் வருவதை அவள் பார்த்ததில்லை. காப்பரிசி எப்படி இருக்கும் என்று தினமும் கேட்கிறாள். வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நிற்போம். நீங்கள் வெளியே வந்தாலும் வராவிட்டாலும் ஆற்றங்கரைக்குப் போய்விட்டுத்தான் திரும்புவோம்.

உங்கள் மகள்