வாசலில் ஒரு காசுக் கவுண்டர் வையுங்கள்

எங்கள் பள்ளி மாவட்டத்தின் விளையாட்டுத் துறை அலுவலகத்தாருக்கு,

வணக்கம். முதலில் வாழ்த்துகள். நம் பள்ளி அமெரிக்க ஃபுட்பால் அணி, தோற்றால் வெளியே என்கிற பிளே ஆஃபில் இரண்டாவது சுற்றையும் ஜெயித்தாயிற்று. தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை, மூன்றாவது சுற்று. டெக்சஸில் நவம்பர் கடைசி வாரத்திலும் பயிற்சிக்கு வருகிற அணி என்றால் அதற்குத் தனி மரியாதை என்பதை, இங்கே வந்த பதினோரு வருஷத்தில் நானும் கற்றுக்கொண்டிருக்கிறேன். எங்கள் தெருவில் பாதி வீட்டு வாசலில் பிள்ளைகளின் ஜெர்சி எண் எழுதிய பலகை நிற்கிறது. இந்தியக் கடையில் வெண்டைக்காய் பொறுக்கும் இடத்தில்கூட வெள்ளிக்கிழமை ஆட்டத்தைப் பற்றித்தான் பேச்சு.

இதை ஏன் தமிழில் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். ஆங்கிலத்தில் மூன்று முறை எழுதிவிட்டேன். மூன்றுக்கும், அனுப்பிய அதே நிமிஷத்தில், "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரே பதில். படிக்காமலே பதில் வருமென்றால் எந்த மொழியில் எழுதினால் என்ன? தமிழில் எழுதினால் அக்கம்பக்கத்துப் பெற்றோராவது படிப்பார்கள்.

டிக்கெட் விவகாரம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆப்பில் மட்டும் விற்பனை. வாசலில் காசு வாங்குவதில்லை. பிரின்ட் எடுத்து வந்தால் செல்லாது. இதனால் போன வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. அதைச் சொல்கிறேன்.

என் மாமனாருக்கு வயது 74. கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் நாற்பது வருஷம் துணி அளந்து கிழித்துக் கொடுத்தவர். பேரனைப் பார்க்க வந்திருக்கிறார். பேரன் ஆடுவதில்லை, பள்ளி பேண்டில் சூசாஃபோன் வாசிக்கிறான், உடம்பைச் சுற்றி மாட்டிக்கொண்டு ஊதும் பெரிய பித்தளைக் கருவி அது. ஆகஸ்ட் கடைசியில் முதல் ஆட்டத்துக்குப் போனபோது மாமாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "பத்து கஜம் முன்னேற நாலு வாய்ப்பு, தாத்தா" என்று பையன் சொன்னானோ இல்லையோ, நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். கஜம் அவருடைய தொழில் ஆயிற்றே. அன்றிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமையும் விட்டதில்லை. பத்து கஜம் ஆயிற்றா என்று சங்கிலியைக் கொண்டுவந்து அளக்கும்போது எழுந்தே நின்றுவிடுவார். "இழுத்துப் பிடிக்கலை பாரும்மா, தொய்வு இருக்கு" என்பார். நடுவர்கள் தப்பித்தார்கள், அவருக்கு ஆங்கிலம் வராது.

போன வாரம் ஆட்டம் ஒன்றரை மணி நேரத் தொலைவில், இரண்டு பள்ளிக்கும் பொதுவான ஊரில். என் கணவர் வெளியூரில். நான் பேண்டுச் சாமான்களைத் தள்ளும் பெற்றோர் குழுவில் இருப்பதால் லாரியோடு பின்வாசல் வழியாகப் போய்விட்டேன். மாமாவைப் பக்கத்து வீட்டுக்காரர் அழைத்து வந்தார். டிக்கெட் இரண்டும் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் போனில். வாசலில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் போனைத் திறந்தால் சிக்னல் என்ன ஆகும்? ஆப் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று நான் பிரின்ட் எடுத்துக் கொடுத்த தாளை நீட்டியிருக்கிறார்கள். செல்லாது. மாமா சட்டைப் பையிலிருந்து இருபது டாலர் நோட்டை எடுத்து நீட்டியிருக்கிறார். அதுவும் செல்லாது. வாசலில் நின்ற பையன்மீது எனக்குக் கோபம் இல்லை. "காசு வாங்க எங்களுக்கு அனுமதி இல்லை சார்" என்று நாலு தடவை மன்னிப்புக் கேட்டானாம்.

ஒருவழியாக அவர்கள் உள்ளே வந்தபோது ஹாஃப் டைம் முடிந்து மூன்றாவது குவார்ட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஹாஃப் டைமில் வாசிக்க வேண்டிய பேண்டு, வாசித்து முடித்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தது. என் போன் லாரியில் இருந்த பையில், ஆறு மிஸ்டு காலோடு. மாமா குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "வெளியே நல்லாக் கேட்டுதும்மா. நம்ம பையன் ஊதினது தனியாத் தெரிஞ்சுது" என்றார். இருபத்தைந்து பித்தளைக் கருவிக்கு நடுவே ஒரு சூசாஃபோன் வேலிக்கு வெளியே தனியாகக் கேட்டிருக்காது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. கை விறைத்திருந்தவருக்கு ஹாட் சாக்லெட் வாங்கப் போனேன். வாசலில் செல்லாத அதே இருபது டாலர் நோட்டை, உள்ளே நாச்சோஸ் கடையில் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டு மீதிச் சில்லறையும் கொடுத்தார்கள்.

எனவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று: வாசலில் ஒரு காசுக் கவுண்டர் வையுங்கள். ஒரு மேசை, ஒரு பெட்டி, ஒரு ரோல் டிக்கெட். உட்கார ஆள் இல்லையென்றால் பேண்டுப் பெற்றோர் நாங்கள் உட்காருகிறோம்.

பணம் கையாளுவது சிரமம் என்பீர்கள். பக்கத்தில் ஆலன் நகரில் 18,000 பேர் உட்காரும் ஸ்டேடியத்தை சுமார் 6 கோடி டாலரில் 2012இல் கட்டி, கான்கிரீட்டில் விரிசல் கண்டு 2014இல் மூடி, மறுபடி திறந்து ஆடுகிறார்கள். பள்ளிக்கூட ஃபுட்பாலுக்குக் கோடிகளைக் கையாளத் தெரிந்த மாநிலம் இது. இருபது டாலர் நோட்டில்தான் வந்து தடுக்குகிறது. வகுப்பறைக்கு டிஷ்யூ பெட்டியைப் பெற்றோர் வாங்கித் தர வேண்டும், ஸ்கோர்போர்டு மட்டும் சினிமாத் திரை அளவுக்கு இருக்க வேண்டும். சரி, அதை இன்னொரு நாள் பேசலாம். எங்கே ஆடுவது என்று கோச்சுகளுக்குள் ஒத்துப்போகாவிட்டால் காசு சுண்டித்தான் முடிவு செய்கிறார்கள். ஆட்டம் தொடங்குவதும் காசு சுண்டித்தான். ஆக, மைதானத்துக்குள் காசுக்கு மதிப்பு இருக்கத்தான் செய்கிறது. இத்தனை போட்டிகளையும் நடத்துகிற யு.ஐ.எல். அமைப்பின் வேர் 1910இல் பள்ளிகளின் விவாதப் போட்டியில் இருக்கிறது. அந்த வழியில் வந்த உங்கள் அலுவலகத்தில், ஒரு கேள்விக்குப் பதில் பேச ஒருவர் இல்லை.

மன்னிக்கவும். பணிவாகத்தான் கேட்க வந்தேன்.

மாமாவுக்கு டிசம்பர் இரண்டாம் வாரம் ஊருக்கு விமானம். கோப்பைக்கு இன்னும் நாலு ஆட்டம். ஆர்லிங்டனில் நடக்கும் இறுதிப் போட்டிவரை நாம் போனாலும் அவர் இருக்க மாட்டார். தோற்றால் அதோடு சீசன் முடிந்தது. வருகிற வெள்ளியே அவருக்குக் கடைசி ஆட்டமாக இருக்கலாம். ஆப்பில் டிக்கெட் வாங்கிவிடுவேன், அதில் சந்தேகமில்லை. ஆப் திறக்காவிட்டால் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. எங்கள் வீட்டுக்கு மட்டும் கேட்கவில்லை. அன்று அந்த வேலிக்கு வெளியே போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு இன்னும் பல தாத்தா பாட்டிகள் நின்றார்களாம், எல்லா மொழிக்காரர்களும்.

தயவுசெய்து வாசலில் ஒரு காசுக் கவுண்டர் வையுங்கள். இந்த வெள்ளிக்குள் முடியாதென்றால், பிரின்ட் எடுத்த தாளையாவது ஏற்றுக்கொள்ளச் சொல்லி அந்த வாசல் பையனிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். புதன்கிழமை மதியத்தோடு அலுவலகத்துக்கு விடுமுறை என்று பலகை மாட்டியிருக்கிறீர்கள். அதற்குள் யாராவது கூப்பிட்டுச் சொன்னால் உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
சூசாஃபோன் வாசிக்கும் ஒரு பையனின் அம்மா