சிவப்புப் பேனாவுக்கு நன்றி

பெஸ்தாரி ஜெயா மக்களே (நம்மில் பாதிப் பேர் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறோம், அதனால் பத்தாங் மக்களே),

வணக்கம். மண்டபத்துக் கணினியில் இருந்த நம் ஊர் ஆவணங்கள் எப்படிக் காணாமல் போயின, அவற்றை மீட்ட அந்த மூன்று வாரம் எப்படிப் போனது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் பக்கத்திலேயே நின்று பார்த்தீர்கள். அதை மறுபடி கிளற எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. பழைய செக்ரோல் (தோட்டத்து வருகை, சம்பளப் பதிவேடு) படங்கள் வந்துவிட்டன, பள்ளிப் பதிவேடும் வந்துவிட்டது, நேற்று ராத்திரி கடைசி ஃபோல்டரைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். அவ்வளவுதான்.

பலருக்குத் தெரியாத இன்னொன்றும் இடையில் நடந்தது. லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் கெர்னல் கையேட்டில் ஒரு பக்கத்தை நான் திருத்தி அனுப்பினேன், போன வாரம் ஏற்றுக்கொண்டார்கள். மூன்று வரி போனது, ஏழு வரி வந்தது. இதற்கா இவ்வளவு ஆட்டம் என்று என் தம்பி கேட்டான். ஆமாம், இதற்குத்தான்.

கெர்னல் என்பது கணினியில் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும் நிரல். ஹார்டிஸ்கோடும் யூஎஸ்பியோடும் பேசுகிற டிரைவர்கள் அதற்குள்தான் இருக்கின்றன, அவற்றுக்கான கையேடும் அந்த நிரலோடு சேர்ந்தே வருகிறது. நிரலை மாற்றுகிறவர் கையேட்டையும் மாற்ற வேண்டும் என்பது முறை, ஆனால் மறந்துபோகும். நிரலில் தப்பு இருந்தால் பல நேரம் கம்பைல் ஆகும்போதே (கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றும்போதே) கத்தும். கையேட்டில் தப்பு இருந்தால் யார் கத்துவது? நான் பார்த்த பக்கம் (எந்த டிரைவர் என்று சொல்லப் போவதில்லை, எழுதியவர்கள் மேல் எனக்குக் கோபமும் இல்லை) ஓர் ஆப்ஷனைப் போடச் சொன்னது, போட்டேன். அந்த ஆப்ஷனை நிரலிலிருந்து எப்போதோ எடுத்துவிட்டிருக்கிறார்கள். தெரியாத ஆப்ஷனைக் கொடுத்தால் டிரைவர் முரண்டு பிடிக்காது, இது எனக்குத் தெரியாது என்று கெர்னல் பதிவில் ஒரே ஒரு வரி எழுதிவிட்டு அதுபாட்டுக்கு வேலையைப் பார்க்கப் போய்விடும். ஆயிரம் வரிக்கு நடுவில் இருந்த அந்த ஒரு வரி என் கண்ணில் படவில்லை. பாதுகாப்பு போட்டாயிற்று என்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இது என் ஒருத்திக்கு வந்த வியாதி இல்லை. எத்தனையோ கணினிகளில் 'எலிவேட்டர்' என்று தொடங்கும் பழைய வரி ஒன்று பூட் அமைப்பில் (கணினி தொடங்கும்போது படிக்கும் அமைப்பில்) இன்னும் இருக்கிறது, வட்டுக்கு, அதாவது ஹார்டிஸ்குக்கு, போகும் வேலைகளை எந்த வரிசைமுறையில் அனுப்ப வேண்டும் என்று சொல்வதற்காக யாரோ என்றைக்கோ போட்டது. 2019-இல் 5.0 கெர்னல் வந்தபோது பழைய ஒற்றை வரிசை முறையையே தூக்கிவிட்டார்கள். இப்போது ஒவ்வொரு வட்டுக்கும் தனித்தனியாகத்தான் அதைச் சொல்ல வேண்டும். அந்த வரி மட்டும், தோட்டம் கைமாறிப்போன பிறகும் முச்சந்தியில் நிற்கும் பழைய பெயர்ப்பலகை மாதிரி, யாருக்கும் வழி காட்டாமல் நிற்கிறது.

சரி, நன்றி சொல்ல வந்தேன்.

கிராணி ஐயாவை உங்களுக்குத் தெரியும். பெயர் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார், அதனால் கிராணி ஐயா என்றே எழுதுகிறேன். ரப்பர் காலத்தில் தோட்டத்து ஆபீசில் கிராணியாக, அதாவது எழுத்தராக, சேர்ந்து செம்பனைக் காலத்தில் ஓய்வு பெற்றவர். கணினியை அவர் தொட்டதே இல்லை. அந்த இரண்டாவது வாரம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம், நான் அந்தப் பக்கத்தைத் தாளில் எடுத்துக்கொண்டு ஒட்டுக்கடையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேட்காமல் கொள்ளாமல் எதிரே வந்து உட்கார்ந்தார். தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) ஒன்று சொன்னார். தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"என்னம்மா இது, இங்கிலீஷ் பாடமா?"

ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன், அந்த வாரம் எல்லாரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். அவர் படிக்க ஆரம்பித்தார். மெதுவாக, விரலை வைத்து, வரி வரியாக. சில பழைய கன்ட்ரோலர்களுக்கு இந்த ஆப்ஷன் தேவைப்படலாம் என்று சொல்லும் வாக்கியத்துக்கு வந்ததும் நிறுத்தி, அந்த 'லாம்' வருகிற இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

"படலாம்னா? வேணுமா, வேணாமா? 'சில'ன்னா எது எது? ஏம்மா, சில பேர் இன்னைக்கு வேலைக்கு வந்திருக்கலாம்னு செக்ரோல்ல எழுதினா, சம்பளம் எப்படிப் போடுறது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்பதே அப்போதுதான் தெரிந்தது. அதுவரை அந்த வாக்கியத்தை இருபது முறையாவது படித்திருப்பேன், ஒரு தடவைகூட எதற்கு, யாருக்கு என்று கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் நிரலின் வரலாற்றில் அந்த ஆப்ஷனின் பெயரைத் தேடினேன். நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' என்ற கருவியில் அதற்கு வழி இருக்கிறது, ஒரு சொல் எந்த மாற்றத்தில் உள்ளே வந்தது, எதில் வெளியே போனது என்று காட்டிவிடும். காட்டியது. வன்பொருளை டிரைவரே கேட்டுத் தெரிந்துகொள்கிறது, இனி ஆள் சொல்ல வேண்டியதில்லை என்று எழுதி அதை நீக்கியிருந்தார்கள். காரணம், தேதி, கையெழுத்து, எல்லாம் ஒழுங்காக இருந்தன. கையேட்டுப் பக்கத்துக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

அடுத்தடுத்த மூன்று சாயங்காலமும் நான் எழுதியதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாதியை வெட்டினார். வெட்டும் விதத்தைப் பார்க்க வேண்டுமே: தப்பின் மேல் ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பது தெரியும்படி. மேலே சரியானது. ஓரத்தில் இனிஷியல், தேதி. செக்ரோலில் ரப்பர் வைத்து அழிப்பது கூடவே கூடாதாம். அழித்தால் திருட்டு, வெட்டி இனிஷியல் போட்டால் திருத்தம் என்றார். கெர்னலிலும் 2004-இலிருந்து ஒவ்வொரு மாற்றத்தின் அடியிலும் அனுப்புகிறவர் பெயரோடு 'சைன்ட் ஆஃப் பை' என்று ஒரு வரி வேண்டும், இதைக் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது என்பதற்கான உறுதி அது என்று சொன்னேன். "அப்ப உங்க ஆளுங்களும் இனிஷியல் போடுறாங்க" என்று சிரித்தார். அந்த மூன்று வாரத்தில் நானும் சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன். மாற்றத்தின் விளக்கத்தை 'நீக்கினேன்' என்று எழுதக்கூடாது, 'நீக்கு', 'சேர்' என்று ஏவல் வினையில்தான் எழுத வேண்டும் என்றதும் இன்னும் குஷி. பெரட்டுக் களத்தில் (காலையில் ஆளெடுக்கும் இடத்தில்) மண்டோர், அதாவது மேஸ்திரி, நின்று ஏவுகிற மாதிரி இருக்கிறதாம்.

முதல் தடவை அனுப்பியது அப்படியே திரும்பி வந்தது, என் மின்னஞ்சல் வண்ணமும் எழுத்துருவுமாகப் போயிருக்கிறது, அங்கே வெறும் எழுத்துதான் எடுப்பார்கள். இரண்டாவதில் ஒரு சொல்லை மாற்றச் சொன்னார் டிரைவரைப் பார்த்துக்கொள்பவர். மூன்றாவதை எடுத்துக்கொண்டார். ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒரு புதிய கெர்னல் வருகிறது, அடுத்ததில் இது இருக்கும்.

யோசனை சொன்னவர் பெயரையும் அடியில் போட ஒரு வரி உண்டு, ஆனால் அவருடைய அனுமதி வேண்டும். கேட்டேன். "எனக்கு அதுல ஒண்ணும் தெரியாதும்மா, தெரியாதவன் பேரு எதுக்கு?" என்று மறுத்துவிட்டார். தெரியாமல்தானே ஐயா சரியான கேள்வி கேட்டீர்கள்! அந்த வரியில் போக முடியாதது இங்கே வருகிறது.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்: ராத்திரி ஒரு மணிக்கும் சாவியோடு வந்த கோவில் தலைவர், மழையில் மோட்டாரில் ரவாங் வரை போய்ப் புதிய பெட்டி வாங்கி வந்த பக்கத்து வீட்டுத் தம்பி, பதிவேட்டில் கிழிந்துபோன பக்கங்களை நினைவிலிருந்து சொல்லிச் சரிபார்த்த ஆசிரியைகள், பசியாறலுக்குக் காசே வாங்காத ஒட்டுக்கடை அக்கா, தன் மடிக்கணினியைக் கேட்காமலே கொடுத்த பல்கலைக்கழகத்துப் பெண், மூன்று வாரம் வீட்டு வேலை எதையும் சொல்லாத அம்மா. எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

இனிமேல் எந்தக் கையேட்டில் தப்பைப் பார்த்தாலும் எனக்குள் முணுமுணுத்துவிட்டு நகர மாட்டேன், எழுதி அனுப்புவேன். அதே டிரைவரின் அடுத்த பக்கத்திலும் 'லாம்' நாலு இடத்தில் இருக்கிறது, நேற்று எண்ணிப் பார்த்தேன். வரிக்கு வரி இடம் விட்டு அச்சடித்து வைத்திருக்கிறேன், பேனா போக வசதியாக. ஐயா, சனிக்கிழமை ஐந்து மணி, அதே மேசை. தே ஓ என் கணக்கு.