ஆள் இருப்பது இனிஷியலில்

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. அங்கே மழை விடாமல் பெய்கிறது, காய் எடுப்பு தள்ளிப்போகிறது என்று எழுதியிருந்தாய். போடியிலும் வானம் மூடித்தான் கிடக்கிறது, இறங்கத்தான் மாட்டேன் என்கிறது. அம்மாவுக்கு மூட்டுவலி இப்போது பரவாயில்லை. மூத்தவள் மெட்ராஸில் காலேஜ் சேர்ந்துவிட்டாள். 2023-ல் வந்த ரயில் எங்கள் வீட்டுக்கென்றே விட்டதுபோல இருக்கிறது.

எக்செல்லில் பவர் குவெரி (பல ஷீட்டுகளை இழுத்துச் சுத்தம் பண்ணி ஒன்றாக்கும் வசதி) என்கிறார்களே, ஏலக்காய்க் கணக்குக்கு ஆகுமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக ஆகும். 2013-ல் தனியாக இறக்கிப் போடும் ஆட்-இன்னாக வந்தது. எக்செல் 2016 முதல் டேட்டா டேபிலேயே இருக்கிறது. பாதிப் பேர் திறந்தே பார்த்ததில்லை.

போடி, புற்றடி ஏலக்கூட ஷீட்டுகளை ஒரே ஃபோல்டரில் போட்டுவிடு. எல்லாவற்றையும் ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கித் தரும். வேண்டாத வரியைத் தூக்குவது, 'கிலோ' என்ற எழுத்தை எடுத்துவிட்டு வெறும் எண்ணாக்குவது என்று நீ செய்வதையெல்லாம் வலது பக்கம் வரிசையாகக் குறித்துக்கொள்ளும். அடுத்த வாரம் புது ஷீட்டைப் போட்டு ரெஃப்ரெஷ் அடித்தால் அத்தனையும் தானாக நடக்கும். தேதிகளைக் குறுக்கே பரப்பி எழுதிய விலைப்பட்டியலை 'அன்பிவட்' நெடுக்காக்கிவிடும். மைக்ரோசாஃப்ட் 365 இருந்தால் பிடிஎஃப்பில் உள்ள அட்டவணையையும் இழுக்கலாம். இதெல்லாம் நீயே ஒரு மத்தியானத்தில் பிடித்துக்கொள்வாய்.

நிதானமாகச் சொல்ல வேண்டியது 'ஃபஸி மேட்ச்'. தங்கராஜை எங்கள் பில் போடுகிறவர் இங்கிலீஷில் 'ஜி' போட்டு அடிப்பார். வண்டன்மேட்டுச் சீட்டில் அதே ஆள் 'கே'யோடு வருவார். செல்லத்துரை ஒன்றில் 'எஸ்', இன்னொன்றில் 'சி'. இரண்டு பட்டியலைப் பேர் பார்த்து இணைக்கும் சாதாரண மெர்ஜுக்கு இவர்கள் வேறு வேறு ஆட்கள். ஃபஸி மேட்ச் எழுத்துகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்த்து 0 முதல் 1 வரை மார்க் போடுகிறது. நாம் மாற்றாதவரை 0.80 தொட்டாலே சேர்த்துவிடும்.

வினையும் அங்கேதான். பி. பாலசுப்பிரமணியன் வேறு, டி. பாலசுப்பிரமணியன் வேறு என்பது கமிஷன் கடைப் பையனுக்குக்கூடத் தெரியும். அவ்வளவு நீளப் பேரில் முதல் எழுத்து ஒன்று மாறினால் மார்க் எவ்வளவு குறைந்துவிடும்? நமக்கு அப்பா பேரே அந்த ஒரு எழுத்தில்தான் இருக்கிறது. ஒருத்தர் காய்க்கு இன்னொருத்தர் பேரில் பணம் ஏறினால் பஞ்சாயத்துக்கு மெஷினா வரும்?

அதனால் நான் செய்வது இது. இனிஷியலைத் தனிக் காலமாக (நெடுவரிசையாக) பிரித்துவிட்டு, மீதிப் பேரை மட்டும் ஃபஸியில் சேர்க்கிறேன். எத்தனை ஜோடி வரலாம் என்று கேட்கும் கட்டத்தைக் காலியாக விட்டால் பொருந்துகிற எல்லாரையும் காட்டும். பிறகு இரண்டு பக்க இனிஷியலும் ஒத்துப்போகிற வரிகளை மட்டும் வைத்துக்கொள்கிறேன். ஊர்ப் பேர்த் தகராறுகளுக்கு இரண்டு காலத்தில் ஒரு சின்ன அட்டவணை: இடப்பக்கம் தப்பான எழுத்து, வலப்பக்கம் சரியானது. அதையும் ஃபஸி மேட்சிடம் கொடுத்துவிடலாம். செல் நம்பரோ பதிவு எண்ணோ இரண்டு பக்கமும் இருந்தால் இந்தக் கூத்தே வேண்டாம், அதை வைத்தே சேர்த்துவிடு.

இன்னொன்று. காலத்தின் மேலே பச்சைக் கோடு காட்டி 'பிழை இல்லை' என்று சொல்லும், நம்பிவிடாதே. அது முதல் 1000 வரியை மட்டும் பார்த்துச் சொல்வது. கீழே இடது ஓரத்தில் உள்ள அந்த 1000 வரிக் குறிப்பைச் சொடுக்கி முழு டேட்டாவுக்கும் மாற்று.

உங்கள் எஸ்டேட் லிஸ்டை அனுப்பு, முதல் தடவை நானே அமைத்துத் தருகிறேன். அதற்கு முன், அங்கே இனிஷியலைப் பேருக்கு முன்னால் போடுகிறார்களா, மலையாளத்துக்காரர்கள் மாதிரி பின்னாலா என்று எழுது. இரண்டும் கலந்திருந்தால் பிரிக்கும் விதமே மாறும்.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் போடிக்காரன்