ஏரி வாரியம் என்று பெயர் வைக்கலாமா?

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. ஏரிக்காக ஊரில் இருபது பேர் சேர்ந்தாகிவிட்டது, பெயரில்தான் இழுபறி என்று எழுதியிருந்தாய். சங்கம், கழகம், மன்றம், குழு, இயக்கம் என்று ஆளுக்கொன்று சொல்ல, உனக்கு மட்டும் 'ஏரி வாரியம்' பிடித்திருக்கிறது. எல்லாமே நாலு பேர் கூடியதைத்தானே சொல்கின்றன, எதை வைத்தால் என்ன என்றும் கேட்டிருக்கிறாய். எதை வைக்கிறாயோ அதற்கேற்பத்தான் நாளைக்கு ஆள் வருவார்கள், கேள்வியும் வரும்.

முதலில் உன் ஆசைக்கு வருகிறேன். வாரியம் பொருத்தமான பழைய சொல்தான். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் (921) ஊரின் முப்பது குடும்புக்கும் (குடும்பு என்றால் வட்டாரம்), குடும்புக்கு ஒருவராக, பெயரெழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு முப்பது பேரை எடுக்கும் குடவோலை முறை இருக்கிறது. அதில் 12 பேர் சம்வத்சர வாரியம் (ஆண்டு வாரியம்), 12 பேர் தோட்ட வாரியம், மிச்சம் 6 பேர் ஏரி வாரியம். பதவி 360 நாள். வயது 35-க்கு மேல், 70-க்குள். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியம் செய்தவர் பெயரை எழுதக் கூடாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் அடியோடு விலக்கு. குடத்திலிருந்து சிறுவன் எடுத்துத் தரும் ஓலையை நடுவரான மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாதே!

ஆனால் இதை ஊர் மக்கள் எல்லாருக்குமான ஆட்சி என்று மேடையில் பேசிவிடாதே. அது பிரமதேயம், பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர். நிலமும் வீடும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கு மட்டுமே குடத்தில் ஓலை. அவர்கள் கூடுவதற்குத்தான் சபை என்று பெயர். வேளாளர் ஊர்களில் கூடியதற்கு 'ஊர்' என்றே பெயர், வணிகர் கூடியது 'நகரம்'. 'ஊர் கூடி முடிவெடுத்தது' என்று நாம் இன்றும் சொல்வதில் அந்தப் பழைய பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இன்றைக்கு வாரியம் என்றால் மின்வாரியம், குடிநீர் வாரியம், வீட்டுவசதி வாரியம். பலகை மாட்டிய மறுநாளே மனுவோடு ஆள் வந்து நிற்பார்கள். அரசு அமைப்போ என்று மயங்க வைக்கும் பெயரைப் பதிவாளரும் திருப்பி அனுப்புவார்.

கழகத்துக்கு வேறு தொல்லை. குறளில் அது சூதாடும் இடம். சூது அதிகாரத்தில் 'கழகத்துக் காலை புகின்' என்று வருகிறதே, அதுதான். பிறகு கற்றோர் கூடும் இடமாகிப் பல்கலைக்கழகம் வரை உயர்ந்தது. 1944-இல் சேலத்தில் நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறியபின், தமிழ்நாட்டில் கழகம் என்றாலே கட்சிதான். கரையில் நாலு பேர் மண் வெட்டினாலும் 'எந்தக் கழகம்?' என்று கேட்பார்கள். யாழ்ப்பாணத்தில் இந்தச் சங்கடம் இல்லை. அங்கே ஊருக்கு ஊர் விளையாட்டுக் கழகம் உண்டு.

மன்றம் ஆதியில் மரத்தடிப் பொதுவிடம். இப்போது ஒரு பக்கம் நீதிமன்றம், மறு பக்கம் ரசிகர் மன்றம். உங்களுக்கு இரண்டும் வேண்டாம்.

குழு என்றால் வேலை முடிந்ததும் கலைவது: விழாக் குழு, போராட்டக் குழு. 'ஏரிக் குழு' என்றால் எந்தச் சங்கத்தின் குழு என்பார்கள். இயக்கம் உறுப்பினர் பதிவேடும் சந்தாவும் இல்லாமலே நடக்கும். வருகிறவன் வருவான், போகிறவன் போவான். கரையில் பனைவிதை ஊன்ற அது போதும், மதகு பழுதுபார்க்கப் பணம் திரட்டப் போதாது.

கூட்டமைப்பை இப்போதே தொடாதே. ஏழெட்டு ஏரிச் சங்கங்கள் சேர்ந்தால் அப்போது வைத்துக்கொள்ளலாம். நம்மிடம் கூட்டணி என்றால் தேர்தல் வரைக்கும் கூடிக்கொள்வது. இலங்கைத் தமிழர் கட்சிப் பெயர்களில் இந்தச் சொற்கள் வேறு மாதிரி. 1976-இல் தமிழர் விடுதலைக் கூட்டணி, 2001-இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு. ஆங்கிலப் பெயரில் முதலாவது 'ஃப்ரன்ட்', இரண்டாவது 'அலையன்ஸ்'. நாம் ஃப்ரன்டை முன்னணி என்கிறோம், அலையன்ஸைக் கூட்டணி என்கிறோம். அந்த ஊர்ச் செய்தி படிக்கும்போது இதை மனத்தில் வை.

ஆக, மிஞ்சுவது சங்கம். பௌத்தரும் சமணரும் துறவியர் கூட்டத்துக்கு வைத்திருந்த சொல். புலவர் கூட்டத்துக்கும் ஆகி, இன்று முடிதிருத்துவோர் முதல் ஓய்வூதியர் வரை எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது. சட்டமும் இந்தச் சொல்லைத்தான் சொல்கிறது: தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. குறைந்தது ஏழு பேர் வேண்டும். நிர்வாகக் குழுவில் மூவருக்குக் குறையக் கூடாது, அவர்கள் பதவிக்காலம் மூன்றாண்டைத் தாண்டக் கூடாது. 'நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம்' என்று மட்டும் வைத்துவிடாதே. அது 2000-ஆம் ஆண்டுப் பாசன மேலாண்மைச் சட்டத்தின்படி ஆயக்கட்டு நிலக்காரர்கள், அதாவது அந்தப் பாசன நீர் பாயும் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள், தேர்தல் வைத்து அமைப்பது. உங்கள் இருபது பேரில் நிலமில்லாதவர்களும் இருக்கிறார்கள் அல்லவா?

என் யோசனை: ஊர்ப் பெயர், அடுத்து 'ஏரிப் பாதுகாப்புச் சங்கம்'. ப், ச் இரண்டையும் விட்டுவிடாதே. இலக்கணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. பதிவுச் சான்றில் ஒற்றோடு, ரப்பர் ஸ்டாம்பில் ஒற்றில்லாமல், வங்கிக் கணக்கில் 'பாதுகாப்பு நலச் சங்கம்' என்று ஒரு 'நலம்' கூடி நின்றால், நன்கொடைக் காசோலை திரும்பி வரும். பான் அட்டைக்கு ஆங்கில எழுத்துக் கூட்டலையும் முதல் கூட்டத்திலேயே முடிவுசெய்து தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிவிடு. 'பாசன', 'பாரம்பரிய' என்று ஆளுக்கொரு சொல் சேர்க்கச் சொல்வார்கள். விடாதே, முத்திரையில் எழுத்து அடங்காது.

வாரியத்தையும் நீ கைவிட வேண்டியதில்லை. பைலாவில் (சங்கத்தின் விதித் தொகுப்பில்) ஒரு விதி போதும்: மதகு, கலிங்கு (மிகைநீர் வழிந்தோடும் இடம்), வரத்துக்கால் மூன்றையும் பார்க்க ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம், ஓராண்டுக்கு. உட்குழுவுக்கு என்ன பெயர் வைத்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை. கணக்குக் காட்டாதவர் அடுத்த முறை நிற்கக் கூடாது என்பதையும் சேர். உறவினர் விலக்கைச் சேர்க்காதே. நம் ஊரில் அதைப் போட்டால் ஆறு பேர் தேற மாட்டார்கள்.

குடவோலைக்குச் சில்வர் குடம் வேண்டாம், வாய் குறுகல், கை சிக்கும். அகன்ற மண்பானை எடு. சீட்டெல்லாம் ஒரே தாள், ஒரே மடிப்பு. எடுக்கும் பிள்ளை யார் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கட்டும். வாங்குகிறவர் மட்டும் விரலை விரித்தே வாங்கட்டும்.

அன்புடன்,
ரா.