ஆணவக் கொலைக்குத் தனிச்சட்டம்: சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு சட்டமன்றத்தின் மாண்புமிகு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

சாதி மாறிக் காதலித்ததற்காக நடந்ததாகச் சொல்லப்படும் கவின் செல்வகணேஷ் கொலையைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில், தாத்தாவின் சிகிச்சைக்காக வந்த இடத்தில், பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்ட இளைஞரின் அப்பா, அம்மா இருவருமே காவல் உதவி ஆய்வாளர்கள். அவர்களையும் கைது செய்யுங்கள் என்று கவினின் குடும்பம் நாட்கணக்கில் உடலை வாங்க மறுத்துப் போராடியது. பெற்ற பிள்ளையைப் பிணவறையில் கிடத்திவிட்டுத்தான் இந்த மாநிலத்தில் ஒரு கைதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

இருக்கிற சட்டமே போதும் என்ற பதிலைத்தான் அரசுத் தரப்பில் இத்தனை காலம் கேட்டுவந்தோம். 2025 அக்டோபரில், இதற்கான சட்டத்தைப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று முதல்வர் அவையிலேயே அறிவித்தார். நன்றி. ஆனால் ஆணையத்தோடு நின்றுவிடாதீர்கள். ஆணவக் கொலைக்குத் தனிச்சட்டம் கொண்டுவாருங்கள்.

தூக்குத் தண்டனை கேட்டு இதை எழுதவில்லை. கொலைக்கு மரண தண்டனை ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. சாதி மாறி மணந்ததற்காக வெட்டிக் கொல்லப்பட்ட உடுமலை சங்கர் வழக்கில் 2017-ல் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்கு அதை விதிக்கவும் செய்தது. 2020-ல் உயர் நீதிமன்றத்தில் என்ன ஆனது? ஐந்து பேரின் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. சதித் திட்டம் தீட்டியதாகச் சொல்லப்பட்ட, சங்கரின் மனைவியின் தந்தை விடுதலையானார். பேருந்து நிலையத்தில் வெட்டியது கேமராவில் பதிவாகிவிடும். வீட்டுக்குள் உட்கார்ந்து பேசி முடித்தது எந்தக் கேமராவிலும் வராது. அதை நிரூபிக்க ஒரே வழி, தெரிந்தவர்கள் நீதிமன்றத்தில் வந்து சொல்வது. சொல்பவர்களைக் காப்பாற்ற நம்மிடம் என்ன இருக்கிறது?

கொல்லப்பட்ட இளைஞர் கோகுல்ராஜின் வழக்கை நினைத்துப் பாருங்கள். 2015 ஜூனில் திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்கு அவரோடு சென்ற தோழி, விசாரணையில் முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ் சாட்சியானார். 2022-ல் மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதிகள் அவரை வரவழைத்து, கோயிலின் கேமராப் பதிவைப் போட்டுக் காட்டிக் கேட்டார்கள். திரையில் கோகுல்ராஜ் நடந்து வருகிறார், பக்கத்தில் ஒரு பெண். அந்தப் பெண் நான் இல்லை என்றார் அவர். அவமதிப்பு நடவடிக்கை வரும் என்று எச்சரித்தும் மாற்றிச் சொல்லவில்லை.

அவரை ஏசியவர்கள் நிறைய பேர். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. ஏழு வருடம் கழித்து, உயர் நீதிமன்றக் கூண்டில் நின்றும் தன் முகத்தைத் தனது என்று சொல்ல ஒரு பெண்ணுக்குத் துணிவு வரவில்லை என்றால், சாட்சி சொல்லிவிட்டு அவர் எங்கே போய் வாழ்வார் என்பதை யார் யோசித்தார்கள்? அந்த வழக்கில் முக்கியக் குற்றவாளியான யுவராஜும் கூட்டாளிகளும் தண்டனை பெற்றதற்கு அந்தக் கேமராப் பதிவு பெரிய காரணம். கேமரா இல்லாத ஊர்களில் என்ன செய்வது?

சாதி மாறி மணந்த கண்ணகி - முருகேசன் கதை இன்னும் கொடுமை. 2003-ல் விருத்தாசலம் அருகே இருவருக்கும் விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். உள்ளூர் போலீஸ் முருகேசனின் உறவினர்களையே வழக்கில் சேர்த்தது. சி.பி.ஐ. வந்தும், கடலூர் நீதிமன்றத் தீர்ப்புக்கு 2021 வரை, உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்ய 2025 வரை ஆனது. இப்படிப்பட்ட வழக்குகளை ஆறு மாதத்துக்குள் முடிக்கப் பாருங்கள், மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும் பாதுகாப்பு இல்லமும் அமையுங்கள் என்று 2018-லேயே சக்தி வாஹினி என்ற தொண்டு நிறுவனம் தொடுத்த வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். கொல்லப்பட்டவர் பட்டியல் சாதியோ பழங்குடியோ இல்லையென்றால் அது பொருந்தாது. கொன்றவரும் பட்டியல் சாதி என்றாலும் பொருந்தாது. அந்தப் பிணங்களுக்கு எந்தச் சட்டம்?

2012-ல் இந்தியச் சட்ட ஆணையம் இதற்கு ஒரு வரைவுச் சட்டம் கொடுத்தது. ராஜஸ்தான் சட்டமன்றம் 2019-ல் இதற்கென மசோதாவே நிறைவேற்றியது. சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-ல் சட்ட அங்கீகாரம் தந்த அவை உங்களுடையது. அந்த அவைக்கு ஏன் இத்தனை தயக்கம்? தேர்தல் வந்தால் எந்தத் தொகுதியில் எந்தச் சாதி எத்தனை சதவீதம் என்று கணக்குப் போட்டு வேட்பாளரை நிறுத்துகிறீர்கள். சாதிச் சங்க மாநாட்டு மேடையில் ஏறிப் பேசுகிறீர்கள். கொலை நடந்ததும் வந்து கண்டிக்கிறீர்கள். அந்தக் கண்டனத்தை இறந்தவர்களின் தாய்மார் எப்படி நம்புவார்கள்?

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். தயவுசெய்து தனிச்சட்டம் கொண்டுவாருங்கள். ஊர் விலக்கமும் மிரட்டலும் கொலைக்கு முன்பே குற்றமாகட்டும். திட்டம் போட்டவரும் வெட்டியவரோடு சேர்ந்தே கூண்டில் நிற்கட்டும். சாட்சி சொல்பவருக்குத் தங்க இடம், காவல், வேலை எல்லாம் அரசு பொறுப்பேற்கட்டும். புகாரை வாங்காமல் திருப்பி அனுப்பும் அதிகாரிக்கும் தண்டனை இருக்கட்டும். ஆணையத்துக்கு ஒரு கெடு வையுங்கள். அறிக்கை வந்த அடுத்த கூட்டத்தொடரிலேயே மசோதா அவைக்கு வரட்டும். கட்சி பார்க்காமல் கண்டித்த நீங்கள், கட்சி பார்க்காமல் அதற்கு வாக்களிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாக்காளர்களில் ஒருவர்