கேன்டீன் அண்ணனுக்கு ஒரு நன்றி

புதுச்சேரியை ஒட்டிய காலாப்பட்டில் படித்த மூன்று வருடமும் அவர் எங்களுக்கு வெறும் 'அண்ணே'தான். பெயர் கேட்கவே தோன்றவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

2011 டிசம்பர் 30 காலை, புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே 'தானே' புயல் கரையைக் கடந்தது. விடுமுறைக்கு ஊருக்குப் போகாமல் விடுதியில் இருந்தவர்கள் ஏழெட்டுப் பேர். கரண்ட் இல்லை, போன் இல்லை, சாலை முழுக்க மரங்கள். மறுநாள் மத்தியானம் அண்ணன் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். அவர் வீட்டுக் கூரை பறந்துபோனதை அப்புறம்தான் சொன்னார், அதுவும் சிரித்துக்கொண்டே.

விறகெல்லாம் ஈரம். கண் சிவக்க ஊதி ஊதி அடுப்பைப் பற்றவைத்தார். நொய்க்கஞ்சி, ஆளுக்கு ஒரு துண்டு சுட்ட கருவாடு. எனக்கு மட்டும் மாங்காய் ஊறுகாய். நான் சைவம் என்பது அந்த நேரத்திலும் அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது!

கடன் நோட்டு நனைந்து மை கலைந்திருந்தது. "யார் எவ்வளவுன்னு நீங்களே சொல்லுங்கப்பா" என்றார். நான் நூறு ரூபாய் குறைத்துச் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார், எழுதிக்கொண்டார்.

அண்ணே, எங்கே இருக்கிறீர்கள்? அந்த நூறு ரூபாய் இன்னும் பாக்கி. கஞ்சிக்கு ரொம்ப நன்றி.