'புதுச்சேரியன்' ஆன பாண்டியன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் மெய்ப்புத் திருத்தும் தொழில் செய்து வருகிறேன். புதுச்சேரியில் தயாரான விழா மலர் ஒன்று அண்மையில் என்னிடம் மெய்ப்புக்கு வந்தபோது, நன்கொடையாளர் பட்டியலில் இருந்த பாண்டியன்கள் அத்தனை பேரும் 'புதுச்சேரியன்' ஆகியிருந்தார்கள். வரலாற்றுக் கட்டுரை ஒன்றில் 'புதுச்சேரிய மன்னர்கள்' மதுரையை ஆண்டுகொண்டிருந்தார்கள்.

விசாரித்ததில் காரணம் தெரிந்தது. கட்டுரையாளர்கள் ஊர்ப்பெயரைப் பாண்டி, பாண்டிச்சேரி, புதுவை என்று அவரவர் வழக்கப்படி எழுதியிருக்க, 2006 அக்டோபர் முதல் அதிகாரப்பூர்வமாக உள்ள 'புதுச்சேரி' என்பதையே மலர் முழுவதும் வைப்பதென முடிவுசெய்த குழுவினர், ஃபிளாஷ்டெக்ஸ்ட் என்னும் நிரல் நூலகத்திடம் (பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய ஆயத்த நிரல்தொகுப்பு) அந்த வேலையை ஒப்படைத்திருக்கிறார்கள். விகாஷ் சிங் 2017இல் வெளியிட்ட இச்சிறு நூலகம், தேடவேண்டிய சொற்களை எழுத்து எழுத்தாகக் கிளைபிரியும் மரம்போல் அடுக்கிக்கொண்டு, உரையை ஒரே முறை படித்து, அச்சொற்களை எடுத்தும் தரும், மாற்றியும் தரும். தேடுசொற்கள் பத்தானாலும் பத்தாயிரமானாலும் ஆகும் நேரம் ஏறத்தாழ ஒன்றுதான்.

கோளாறு சொல்லின் எல்லையில் இருக்கிறது. ஆங்கில எழுத்துகள், 0 முதல் 9 வரையுள்ள இலக்கங்கள், அடிக்கோடு ஆகிய 63 குறிகளை மட்டுமே இந்நூலகம் இயல்பாகச் சொல்லின் உறுப்புகளாகக் கொள்கிறது. வேறு எதைக் கண்டாலும் சொல் முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறது. அதன் கண்ணுக்கு நம் யகரமும் முற்றுப்புள்ளியும் ஒன்றே. 'பாண்டி'யை அடுத்து 'ய' வந்ததும் வெட்டிவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பாண்டி, புதுவை, புதுச்சேரி மூன்றுமே யகர உடம்படுமெய் பெறுபவை. 'பாண்டியில்' என்பது 'புதுச்சேரியில்' என்றும், 'புதுவைக்கு' என்பது 'புதுச்சேரிக்கு' என்றும் பிசகின்றி மாறியதால், சோதித்துப் பார்த்த இளைஞர்கள் எல்லாம் சரி என்று நம்பிவிட்டார்கள். எங்கள் ஊர்ப்பெயரை வைத்துச் சோதித்திருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும். 'கூடலூர்' என்ற பழைய வடிவத்தைக் 'கடலூர்' ஆக்கச் சொன்னால், 'கூடலூரில்' அப்படியே நிற்கும். ரகரத்தின் மேலிருந்த புள்ளி போய் இகரக் குறி வந்துவிடுவதால் கணினிக்கு அது வேறு சொல்.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் கணினிக் குறியெண் தரும் பொதுமுறையான யூனிகோடில் தமிழுக்கென ஒதுக்கிய 128 இடங்களையும் சொல்லின் உறுப்புகளாகச் சேர்த்துக்கொள்ள இந்நூலகத்திலேயே வழி இருக்கிறது. சேர்த்துவிட்டால் பாண்டியன் பிழைத்துக்கொள்வார். ஆனால் 'பாண்டியில்', 'பாண்டிக்கு', 'பாண்டியிலிருந்து' ஆகியவையும் மாறாமல் தங்கிவிடும். எனவே வேற்றுமை உருபேற்ற வடிவங்களையும் ஒவ்வொன்றாகப் பட்டியலில் கொடுக்க வேண்டும். பட்டியல் நீண்டாலும் வேகம் குறையாது என்பதால், உருபுகள் மிகுந்த நம் மொழிக்கு இந்நூலகம் உண்மையில் பொருத்தமானதே. பழி அதன் மேல் இல்லை. மேலும், மாற்றச் சொல்வதற்கு முன், முதலில் எடுத்துத் தரச் சொல்லி, சொல் அகப்பட்ட இடங்களை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும். பாண்டி என்றே பெயர் கொண்டவரையும், நீலகிரி மாவட்டத்துக் கூடலூரையும் எந்தப் பட்டியலாலும் காப்பாற்ற முடியாது.

நம் பகுதிக் கல்லூரிகளின் தமிழ்த் துறையினரும் கணினித் துறையினரும் சேர்ந்து, கடலூர், புதுச்சேரி வட்டார ஊர்ப்பெயர்களை மாற்று வடிவங்களோடும் உருபுகளோடும் தொகுத்து, யாரும் எடுத்தாளும்படி வெளியிட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். திருப்பாதிரிப்புலியூரையும் மக்கள் வாயில் வழங்கும் திருப்பாப்புலியூரையும் வைத்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.